ரைட்டுக்கு லத்தீன்ல எது ரைட்? வாசகர் கேள்வி பதில்

கே: என் பொண்ணு இந்த வருஷம் லா காலேஜ்ல சேர்ந்திருக்கா. ரைட்ங்கிற வார்த்தைக்கு லத்தீன்ல என்னன்னு டிக்‌ஷனரி பார்த்தா நாலஞ்சு போட்டிருக்கு. எதை எடுத்துக்கிறது? (வாசகி, திண்டுக்கல்)

ப: எந்த ரைட்னு முதல்ல பார்த்துக்கணும். கைப்பக்கம்னா டெக்ஸ்டர். உரிமைன்னா யூஸ், உங்க பொண்ணுக்கு வேண்டியது இதுதான், சட்டப் புத்தகத்துல வர்றப்ப இங்கிலீஷ் பாணில ஜஸ்னு படிப்பாங்க, ஜஸ்டிஸ்ங்கிற வார்த்தையே இதுலேர்ந்து வந்ததுதான். பிறந்த மண்ணை வச்சு குடியுரிமை குடுத்தா ஜஸ் சோலி, அப்பா அம்மாவை வச்சு குடுத்தா ஜஸ் சாங்குவினிஸ். நம்ம நாட்டுல 1950 ஜனவரி 26லேர்ந்து 1987 ஜூன் 30 வரைக்கும் இங்க பிறந்திருந்தா அநேகமா போதும், அதுக்கப்புறம் பிறந்தவங்களுக்கு அப்பாவோ அம்மாவோ இந்தியரா இருக்கணும்னு ஆயிடுச்சு, அதாவது முதல் ஜஸ்லேர்ந்து ரெண்டாவது பக்கம் நகர்ந்துட்டோம்.

இன்னொண்ணு ரெக்டஸ், நேரா இருக்கிறதுன்னு அர்த்தம். ரைட் ஆங்கிள்ல இருக்கிற ரைட் இதுதான், வலது பக்கம் இல்ல. எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது தமிழும் இதே வழியில போயிருக்கிறதுதான். செங்கோணத்துல, செங்குத்துல வர்ற செம்மை சிவப்பு கிடையாது, நேர். செங்கோல்னா வளையாத கோல், நியாயமான ஆட்சி, அது வளைஞ்சா கொடுங்கோல். லத்தீன்ல ரெக்டஸ் பிறந்த வினைச்சொல் ரெகெரே, அதுக்கும் நேரா நடத்துறது, ஆளுறது ரெண்டு பொருளும் உண்டு, ராஜாவுக்கு ரெக்ஸ்னு பேரு. ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத ரெண்டு மொழி, நேர்மையையும் நேர்கோட்டையும் ஒரே இடத்துல வச்சிருக்கு பாருங்க!

கே: தேதியும் டேட், பேரீச்சம்பழமும் டேட். சம்பந்தம் உண்டா? (வாசகர், தஞ்சாவூர்)

ப: கிடையாது. ரோமானியர் கடிதத்துல இன்ன ஊர்ல இன்ன நாள் குடுத்ததுன்னு எழுதுவாங்க, குடுத்ததுங்கிறதுக்கு டாடா, அதுதான் தேஞ்சு தேதி டேட் ஆச்சு. கம்ப்யூட்டர்காரங்க சொல்ற டேட்டாவும் இதே வார்த்தைதான். பழம் வேற வழி, கிரேக்கத்துல விரலுக்குச் சொல்ற டாக்டுலோஸையே பழத்துக்கும் சொன்னாங்க, லத்தீன்ல டாக்டிலஸ், அப்புறம் பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. டைனோசர் காலத்துல பறந்த பிராணின்னு பசங்க படிக்கிற டெரோடாக்டைல் பேர்லயும் அந்த விரல் இருக்கு.

கே: ஃப்ரீக்கு லத்தீன்ல? (வாசகர், சேலம்)

ப: சுதந்திரம் உள்ளவன்னா லீபெர், காசு இல்லாமன்னா கிராட்டிஸ். லீயைக் குறிலாக்கி லிபெர்னு சொன்னா புத்தகம், லைப்ரரி அதுலேர்ந்து வந்தது. அவங்க எழுத்துல குறில் நெடில் பொதுவா தெரியாது, நம்ம எழுத்துல எழுதினா சட்டுனு தெரிஞ்சுடும்.

கே: மருந்துச் சீட்டுல எஸ்ஓஎஸ்னு எழுதியிருந்தாங்க, அவ்வளவு ஆபத்தான்னு வீட்ல எல்லாரும் பயந்துட்டோம். (வாசகி, நாகர்கோவில்)

ப: பயப்படாதீங்க. அது சி ஓபுஸ் சிட், தேவைப்பட்டாங்கிறதுக்கு லத்தீன். வலி இருந்தா போடுங்க, இல்லாட்டி வேண்டாம், அவ்வளவுதான். கப்பல்காரங்க அனுப்புற எஸ்ஓஎஸ்ஸுக்கு விரிவே கிடையாது, மூணு புள்ளி மூணு கோடு மூணு புள்ளின்னு மோர்ஸ்ல அடிக்கவும் கேட்கவும் சுலபம்னு 1906ல பெர்லின் மாநாட்டுல ஏத்துக்கிட்டு 1908லேர்ந்து அமலுக்கு வந்த குறி.

சீட்டுல பிடின்னு இருந்தா பிஸ் டியே, ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, மருந்துக்கடையில கவர் மேல 1-0-1னு எழுதித் தர்றாங்களே அது. ஏசின்னா ஆன்டே சிபும், சாப்பாட்டுக்கு முன்னாடி. பிசின்னா சாப்பிட்ட பிறகு. எஸ்ஓஎஸ் மாத்திரையை ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை போடலாம்னு மட்டும் டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்குங்க, அந்த மூணு எழுத்துல அது வராது.