முகாம் முடிந்த பிறகு

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். மார்கழியில் ஐந்து நாள் யோகா முகாமுக்குப் போய்வந்தேன். அங்கே இருந்தவரை மனம் அவ்வளவு தெளிவாக இருந்தது. வீட்டுக்கு வந்தும் மூன்று வாரம் விடியற்காலையில் எழுந்து எல்லாப் பயிற்சிகளையும் செய்தேன். ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒருநாள் விட்டேன், அதோடு நின்றுவிட்டது. மனைவியிடம் பழையபடி எரிந்து விழுகிறேன். முகாமெல்லாம் ஐந்து நாள் மயக்கம்தானா? மறுபடியும் போனால் சரியாகுமா?

ர., திருப்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

‘பழையபடி எரிந்து விழுகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, முகாமுக்கு முன்பு இந்த வரியை எழுதியிருப்பீர்களா? அப்போதும் எரிந்து விழுந்துதான் இருப்பீர்கள். இப்போது அது உங்கள் கண்ணில் படுகிறது. மயக்கத்தில் இருப்பவனுக்கு இது தெரியாது.

நான் முதலில் போனது ஆழியாறுக்கு. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் வழியில், ஆனைமலை அடிவாரத்தில், யோகா ஆசான் வேதாத்திரி மகரிஷி அமைத்த இடம். 1911இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு அவர் பேச்சு சட்டென்று பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். கண்ணை மூடி உட்காரச் சொன்னதோடு அவர் விடவில்லை. அகத்தாய்வு என்று ஒன்றை வைத்தார். கவலைகளை எழுதி, அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை என்று பிரிக்க வேண்டும். யார் யார்மேல் சினம் வருகிறது என்றும் பெயர் பெயராக எழுத வேண்டும்.

என் தாளில் முதல் பெயர் என் அண்ணன். எங்களுடையது கூட்டுக் கிணறு. அவருக்கு மூன்று நாள், எனக்கு மூன்று நாள் தண்ணீர் முறை. என் முறையில் அவர் மோட்டாரைப் போட்டுவிட்டார் என்று பதினோரு மாதம் பேசாமல் இருந்தேன். பெயருக்கு எதிரே ‘தண்ணீர்’ என்று எழுதினேன். அடித்தேன். ‘என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை’ என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டு வெகுநேரம் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கை எழுதியது, ‘அப்பா போனபோது அவர் அழவில்லை.’

வீட்டில் இருந்திருந்தால் அந்த மூன்றாவது வரிக்கு வந்திருக்கவே மாட்டேன். இரண்டாவது வரியிலேயே பால் கறக்க நேரமாகியிருக்கும், இல்லையென்றால் போன் அடித்திருக்கும். அங்கே வேளைக்குச் சோறு வந்துவிடுகிறது, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. முகாம் கொடுப்பது இந்த அவகாசத்தைத்தான். அது சின்ன விஷயம் இல்லை.

இனி பயிற்சி. நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்தால்தான் அது உறுதிப்படும் என்கிறார் யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி. நீங்கள் முகாமின் கால அட்டவணையை அப்படியே வீட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறீர்கள். இரவு பத்து மணிவரை கம்பெனியில் இருப்பவரால் அது முடியாது, முடியாததில் தப்பும் இல்லை. ஷிப்மென்ட் நாளிலும் எவ்வளவு செய்ய முடியுமோ அதுதான் இப்போதைக்கு உங்கள் அளவு. கை, கால், மூச்சுப் பயிற்சிகளுக்குக் கால் மணி, கண்மூடி அமர்வதற்குப் பத்து நிமிடம் போதும். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் அதே நேரத்தில் உட்காருங்கள். விட்டதற்கும் சேர்த்து இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம். பக்கத்தில் மகரிஷியின் பயிற்சிகளைச் சொல்லித்தரும் மனவளக்கலை மன்றம் இருந்தால் வாரம் ஒருமுறை போய் வாருங்கள். நாலு பேரோடு சேர்ந்து உட்கார்ந்தால் பயிற்சி நிலைக்கும்.

மறுபடியும் முகாமுக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் இப்போது போனால் அந்த ஐந்து நாள் சுகத்தைத் தேடித்தான் போவீர்கள். அடுத்த மார்கழிவரை வீட்டில் உட்காருங்கள், பிறகு போகலாம்.

அதற்குமுன், இன்று இரவே ஒரு தாள் எடுத்து மனைவியின் பெயரை எழுதுங்கள். எதிரே முதலில் எழுதும் காரணத்தை அடித்துவிட்டு, இன்னொரு முறை எழுதிப் பாருங்கள்.