பாத்திரன் அல்ல

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் எழுத்துகளைச் சில வருடங்களாக வாசித்துவருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை.

நான்கு மாதங்களுக்கு முன் என் அப்பா காலமானார். நல்ல கணவர் என்றோ நல்ல தகப்பன் என்றோ அவரைச் சொல்ல முடியாது. குடி, அடி, கடன். நடுவில் பதினோரு வருடங்கள் எங்களை விட்டுப் போயிருந்தார். உடம்பு முடியாமல் ஆனபிறகு திரும்பி வந்தார். கடைசி ஐந்து மாதங்கள் ஜெபம், வேதவாசிப்பு, கண்ணீர். அடக்க ஆராதனையில் போதகர், "கிருபை இவரை மீட்டுக்கொண்டது, பழைய கணக்கு முழுவதும் கிழிக்கப்பட்டது" என்றார். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டு வருடம் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் ஆலயத்துக்குப் போனவள், எங்களைத் தனியாக வளர்த்தவள். அவளுக்கும் அதே கிருபை, அவருக்கும் அதே கிருபை என்றால் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு? அவரவர் செய்ததற்கு அவரவருக்குப் பலன் என்பதுதானே நியாயம்? கிருபைக்கும் இரக்கத்துக்கும் என்ன வேறுபாடு? அது யாருக்குக் கிடைக்கும் என்று கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டாரா? எல்லாம் இலவசம் என்றால் நல்லபடியாக வாழ என்ன அவசியம்?

அம்மா எதுவும் சொல்லவில்லை. கடைசி மாதங்களில் அவரைக் குளிப்பாட்டியதும் அவள்தான்.

ம.

அன்புள்ள ம.,

போன மாதம் அலமாரியை ஒழித்தபோது ஒரு பழைய நோட்டு கைக்கு வந்தது. அன்றிலிருந்து கிருபை என்ற இந்தச் சொல்லைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் சரியாக அங்கே வந்து விழுந்தது.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். வரவேண்டிய தண்டனை வராமலிருப்பது இரக்கம், தகுதியில்லாத நன்மை வந்துசேர்வது கிருபை என்று ஞாயிறுபள்ளியில் சொல்லித்தருவார்கள். பிள்ளைகளுக்கு அது போதும். நீங்கள் பிள்ளை அல்ல. கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டாரா என்ற கேள்வியை, முன்குறித்தல் என்பார்கள், அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. மனிதன் தன் முயற்சியால் நன்மையில் நிற்க முடியும் என்று பெலாஜியுஸ் என்ற துறவி சொல்ல, நன்மையை விரும்புவதற்கே கிருபை வேண்டும் என்று ஆயர் அகஸ்டின் மறுத்தது ஐந்தாம் நூற்றாண்டில். 418இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாஜியுஸின் போதனையைக் கண்டித்தார்கள், ஆனால் பேச்சு ஓயவில்லை. 1517க்குப் பிறகு மேற்குத் திருச்சபை பிளந்தபோது சண்டையின் நடுவில் இருந்ததும் இந்தச் சொல்தான். நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார் என்று கத்தோலிக்கரும் லூத்தரன்களும் சேர்ந்து ஓர் அறிக்கையில் கையெழுத்திட 1999 அக்டோபர் 31 வரை, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரம் வரை, போகவேண்டியிருந்தது. இதில் நான் புதிதாக என்ன சொல்ல? உங்களைத் தூங்கவிடாமல் செய்வதும் அது அல்ல.

போதகர் விஷயத்துக்கு வருகிறேன். அடிபட்டவள் முன்வரிசையில் இருக்க, அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், கணக்கு கிழிந்தது என்று அறிவிக்க எந்த மனிதனுக்கும் உரிமை கிடையாது. அந்தக் கணக்கில் பாதி அவளுடையது. லூக்கா சொல்லும் வரி வசூலிப்பவன் சகேயுவை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் எதையும் சரிசெய்வதற்கு முன்பே இயேசு அவன் வீட்டுக்கு வருகிறார். அது கிருபை. ஆனால் வந்தபிறகு அவன் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கியதை "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்றான். கிருபை வந்தபிறகுதான் அவனே தன் கணக்கைத் திறந்து பார்க்கிறான். மனந்திரும்புதல் இல்லாமல் மன்னிப்பை அறிவிப்பதை மலிவான கிருபை என்று 1937இல் எழுதினார் ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபர். 1945 ஏப்ரலில் நாஜிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள். எல்லாம் இலவசம் என்றால் நல்லபடியாக வாழ என்ன அவசியம் என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வியைப் பவுலே ரோமருக்கு எழுதும்போது எழுப்பி, "கூடாதே" என்று ஒரே சொல்லில் மூடுகிறார். நானும் மூடுகிறேன்.

உங்கள் அப்பாவின் ஐந்து மாதக் கண்ணீர் உண்மையா இல்லையா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கிருபையை வியந்து உலகமெங்கும் பாடப்படும் 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதிய ஜான் நியூட்டன் 1748இல் நடுக்கடலில், புயலில், கடவுளைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகும் 1754 வரை அடிமைக் கப்பல்களில் போனார், அவற்றுக்குத் தலைவனாகவும் இருந்தார். மனிதர்களைச் சங்கிலியிட்டு ஏற்றிய அந்தத் தொழிலில் தானும் இருந்ததை அறிக்கையிட்டு, அதை எதிர்த்து எழுதி அச்சிட்டது 1788இல். புயலிலிருந்து நாற்பது வருடம். அந்த நாற்பது வருடமும் கிருபை அவரிடம் வேலை செய்துகொண்டிருந்தது என்றுதான் நான் நம்புகிறேன். உங்கள் அப்பாவுக்கு ஐந்து மாதம்தான் இருந்தது.

இனி, எனக்குக் கோபம் வந்த இடம். உங்கள் கடிதத்தில் நியாயத்துக்கு ஒரு முழுப் பத்தி, அம்மா குளிப்பாட்டியதற்குக் கடைசியில் ஒரு வரி. அவளுடைய முப்பத்தெட்டு வருடங்களையும் வாரி எடுத்து, இதற்கு என்ன கூலி என்று கடவுளிடம் நீட்டுகிறீர்கள். அவள் கேட்டாளா? அவள் வாழ்ந்த வாழ்க்கையைக் கூலி வேலை என்று முடிவுகட்ட நீங்கள் யார்? உங்கள் கோபம் நியாயமானது, அதை யாரும் உங்களிடமிருந்து பிடுங்கக் கூடாது, மன்னித்துவிடு என்று யாராவது நெருக்கினால் வெளியே போகச் சொல்லுங்கள். ஆனால் அது உங்கள் கோபம். அதற்கு அம்மாவைக் கூலி கேட்க வைக்காதீர்கள். போதகர் பேசியது சரியா என்று அவளிடம் கேட்பதை விட்டுவிட்டு, அவரைக் குளிப்பாட்டும்போது இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டுப்பாருங்கள். பேசவே இல்லை என்று அவள் சொன்னாலும் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பது நம் பழமொழி. இந்த எண்ணம் நமக்கு மட்டும் உரியதல்ல. பவுல் வாழ்ந்த காலத்திலேயே ரோமில் தத்துவஞானி செனெக்கா, கொடுப்பதையும் வாங்குவதையும் பற்றி ஏழு பகுதிகள் கொண்ட நூலை எழுதினார். வாங்குகிறவனை ஆராய்ந்து கொடு என்பது அவர் வலியுறுத்தும் பாடம். கிரேக்கத்தில் கொடைக்கும் அதற்குத் திரும்பி வரும் நன்றிக்கும் காரிஸ் என்று ஒரே சொல். கொடுப்பவன் தகுதியுள்ளவனைப் பார்த்துக் கொடுப்பான், வாங்கியவன் நன்றியோடு இருப்பான், உறவு சுற்றிச்சுற்றி வரும். நல்ல ஏற்பாடுதான். பவுல் அதே சொல்லை எடுத்தார், ஆராயும் பகுதியை மட்டும் வெட்டிவிட்டார். நாம் பாவிகளாயிருக்கையில், என்றார். அதைத்தான் நம் பழைய மொழிபெயர்ப்பு கிருபை என்கிறது, கத்தோலிக்கர் அருள் என்கிறார்கள்.

தமிழ் வேதாகமத்தை வாசிக்கும்போது ஒன்று என்னைப் பிடித்து நிறுத்தும். பாத்திரம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள். ஒன்று தகுதி, இன்னொன்று ஏனம். பவுல் தன்னைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதும்போது, சபையைத் துன்பப்படுத்தியதால் நான் அப்போஸ்தலன் என்று பேர்பெறுவதற்கும் "பாத்திரன் அல்ல" என்கிறார். அதே பவுலைப் பற்றி, அவர் இன்னும் சவுல் என்ற பழைய பெயரில், கண் தெரியாமல், ஒரு வீட்டில் மூன்று நாள் சாப்பிடாமல் கிடக்கும்போது, இயேசு அனனியா என்ற சீஷனிடம் சொல்லும் சொல், "நான் தெரிந்துகொண்ட பாத்திரம்". கிரேக்கத்தில் இவை வெவ்வேறு சொற்கள். தமிழில்தான் ஒரே சொல்லாக வந்து விழுந்தன. மொழிபெயர்த்தவர்கள் யோசித்துச் செய்தார்களா, தானாக அமைந்ததா, எதுவாக இருந்தாலும் நம் மொழி இங்கே ஒரு பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டது. பாத்திரன் அல்லாதவன்தான் பாத்திரம். காலியாக இருப்பதுதான் ஏனத்துக்குத் தகுதி.

லூக்கா பதினைந்தாம் அதிகாரத்திலும் இதே சொல் வருகிறது. இயேசு சொன்ன கதை அது. தன் பங்குச் சொத்தை வாங்கிப்போய் அழித்த இளைய மகன் ஊருக்குத் திரும்புமுன் தகப்பனிடம் சொல்லவேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்க்கிறான். மூன்று பகுதி. பாவம் செய்தேன். உம்முடைய குமாரன் என்று சொல்லப்படுவதற்கு நான் பாத்திரனல்ல. உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். அவன் தூரத்தில் வரும்போதே தகப்பன் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். மகன் பேச ஆரம்பிக்கிறான். பாவம் செய்தேன் என்கிறான். பாத்திரனல்ல என்கிறான். மூன்றாவது பகுதி வரவே இல்லை. வசனத்தை விரல் வைத்துப் படித்துப் பாருங்கள், பாத்திரனல்ல என்பதோடு அவன் பேச்சு நிற்கிறது, அடுத்த வரியில் தகப்பன் வேலைக்காரரைக் கூப்பிட்டு வஸ்திரம் கேட்கிறான். தகுதியில்லை என்பதைத் தகப்பன் கேட்டுக்கொண்டான், அதை மறுக்கவும் இல்லை. கூலி என்ற சொல்லை மட்டும் அவன் வாயிலிருந்து வரவிடவில்லை.

மூத்தவன் எங்கே இருந்தான்? வயலில். வேலையில். பாட்டுச் சத்தம் கேட்டு, உள்ளே போக மனதில்லாமல் வெளியே நிற்கிறான். "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்று ஆரம்பிக்கிறான். கிரேக்கத்தில் அந்த வினை அடிமை வேலையைக் குறிப்பது. ஓர் ஆட்டுக்குட்டியாவது கொடுத்தீரா என்கிறான். தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை, "உம்முடைய குமாரனாகிய இவன்" என்கிறான். இளையவன் ஊருக்கு வந்து கேட்க நினைத்த கூலிக்காரன் இடத்தில், மூத்தவன் வீட்டை விட்டுப் போகாமலே இத்தனை வருடம் இருந்திருக்கிறான். தகப்பனுக்கு அன்றுதான் அது தெரிகிறது. அவனிடமும் தகப்பன் வெளியே வருகிறான். "வருந்தியழைத்தான்" என்று இருக்கிறது. அந்த வரியை என்னால் இன்றுவரை சத்தமாக வாசிக்க முடிந்ததில்லை.

ஏனென்று சொல்கிறேன். என் அம்மா பதினான்கு மாதம் படுக்கையில் இருந்தாள். பார்த்துக்கொண்டது நான். தம்பி தொலைவில் இருந்தான். ஒரு நீளமான நோட்டில் கோடு போட்டு, நேரம், மருந்து, அளவு, சிறுநீர் என்று நான்கு கட்டம். ஒரு வேளை தவறியதில்லை. மருத்துவர் ஒருமுறை அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, இப்படி யாரும் எழுதுவதில்லை என்றார். அவர் பார்க்காத ஒன்றும் அதில் இருந்தது. தம்பி தொலைபேசியில் கூப்பிடாத ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பக்க ஓரத்தில் பென்சிலால் சிறிய பெருக்கல் குறி போட்டுவைத்தேன். யாரிடம் காட்ட என்று அப்போது யோசிக்கவில்லை.

கடைசி வாரம் அவன் வந்தான். கரண்டியில் தண்ணீர் கொடுக்கிறேன் என்று வாங்கினான். அவனுக்குக் கொடுக்கத் தெரியவில்லை, சாய்க்காமல் நேராக நீட்டினான். தண்ணீர் மோவாயில் வழிந்து கழுத்துக்குழியில் தேங்கியது. அம்மா சிரித்தாள். பதினான்கு மாதமும் ஒரு சொட்டு சிந்தாமல் கொடுத்தவன் நான். என் கையில் வாங்கிக் குடித்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துவிட்டு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் தம்பி வந்து, "அண்ணா, அம்மா உன்னைக் கேக்குறாங்க" என்றான்.

"வரேன் போ" என்றேன்.

இரண்டு மணிநேரம் கழித்துத்தான் போனேன். அவள் தூங்கிவிட்டிருந்தாள். அதற்குப் பிறகு ஆறு நாள் இருந்தாள், ஆனால் பேச்சு இல்லை. எதற்குக் கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது. தம்பிக்கும் தெரியாது, கேட்டுவிட்டேன்.

நான் படியில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அவன் அன்றைய மாலை மருந்தைக் கொடுத்துவிட்டு நோட்டிலும் எழுதியிருந்தான். நேரம் இருக்கவேண்டிய கட்டத்தில் மருந்தின் பெயர், அதுவும் எழுத்துப்பிழையோடு. அடுத்த ஆறு நாளும் அவன்தான் எழுதினான். அதற்கு முந்தைய பக்கங்களைப் புரட்டாமல் எழுதியிருக்க முடியாது, எப்படி எழுதுவது என்று பார்க்க நிச்சயம் புரட்டியிருப்பான். எல்லாப் பக்கத்திலும் அந்தப் பென்சில் குறிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கு எதிரேயும் ஞாயிற்றுக்கிழமைத் தேதி இருக்கிறது. அவனுக்குப் புரியாமல் இருந்திருக்காது.

இன்றுவரை அவன் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.