26 வாரத்துக்கு அப்புறம் என்ன?

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நியூ ஜெர்சிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது, கையில் கிரீன் கார்டு இருக்கிறது, மருந்துக் கம்பெனிக் கிடங்கில் பார்த்த வேலை போய் 14 வாரம் ஆகிவிட்டது. வேலை இழந்தவர்களுக்கு மாநில அரசு வாராவாரம் தரும் காப்பீட்டுப் பணம் 26 வாரத்தில் தீர்ந்தாலும் கோவிட் சமயத்தில் கொடுத்த மாதிரி நீட்டிப்பார்கள் என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பணம் வாங்கினால் நாளைக்கு சிட்டிசன்ஷிப்புக்குச் சிக்கல் வருமா என்றும், நடுவில் ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நீட்டிப்பை நம்பி ஒரு டாலர்கூடக் கணக்கில் சேர்க்காதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வேலையில்லாக் கால நீட்டிப்பு இங்கே இரண்டு வகை. ஒன்று 1970 முதல் சட்டத்திலேயே இருப்பது. மாநிலத்தில் வேலையின்மை ஒரு அளவைத் தாண்டினால் தானாகத் திறக்கும், 13 வாரமோ 20 வாரமோ கிடைக்கும். ஆனால் அந்த அளவு சாதாரணமானது இல்லை. இந்தக் காப்பீட்டில் இருக்கும் தொழிலாளிகளில் பணம் வாங்குகிறவர்களின் விகிதம் 5 சதவீதத்தைத் தொட வேண்டும், அதுவும் முந்தைய இரண்டு வருஷங்களைவிடக் கணிசமாகக் கூடியிருக்க வேண்டும். சில மாநிலங்கள் மொத்த வேலையின்மை 6.5 சதவீதம் என்ற அளவையும் சேர்த்து வைத்திருக்கின்றன. நாடே ஆட்டம் காணும் காலத்தில்தான் இந்தக் கதவு திறக்கும். உங்கள் கம்பெனி ஒன்று ஆட்களைக் குறைத்ததால் திறக்காது.

இரண்டாவது வகை, காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், தனியாகச் சட்டம் போட்டுக் கொடுப்பது. நண்பர்கள் மனதில் இருப்பது இதுதான். 2008 ஜூன் கடைசியில் அப்படி ஒன்று வந்தது. மெதுமெதுவாகக் கூட்டிக் கூட்டி, நிலைமை மோசமான மாநிலங்களில் எல்லாம் சேர்த்து 99 வாரம் வரை போனது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் நானும் வேலை இல்லாமல் இருந்தவன். சட்டம் சில மாதங்களுக்கு ஒரு முறை காலாவதியாகும், வாஷிங்டனில் சண்டை போடுவார்கள், கடைசி நேரத்தில் நீட்டிப்பார்கள். 2010 ஜூன் தொடக்கத்தில் அப்படிக் காலாவதியானது, ஜூலை 22 வரை திரும்ப வரவில்லை. விடுபட்ட வாரங்களுக்கும் சேர்த்துப் பிறகு கொடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் வீட்டு வாடகை ஜூலை 1 அன்றே கேட்கப்பட்டது. எங்கள் குடியிருப்பில் மாடியில் இருந்த குடும்பம் அந்த இடைவெளியில்தான் வீட்டைக் காலி செய்துவிட்டு டெக்ஸாஸில் அண்ணன் வீட்டுக்குப் போனது.

அந்தத் திட்டம் முடிந்த விதமும் தெரிந்திருக்க வேண்டும். 2013 டிசம்பர் 28, கிறிஸ்துமஸ் முடிந்த சனிக்கிழமை. காங்கிரஸ் புதுப்பிக்கவில்லை. ஏறக்குறைய 13 லட்சம் பேருக்கு ஒரே வாரத்தில் நின்றது, திரும்ப வரவே இல்லை. வேலை கிடைத்துவிட்டதா என்று யாரும் கேட்கவில்லை. கோவிட் காலத் திட்டங்களும் 2021 செப்டம்பர் 6 அன்று முடிந்தன. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதற்கும் முன்பே, ஜூன் ஜூலையிலேயே, அவற்றிலிருந்து விலகிக்கொண்டன. பக்கத்து மாநிலத்தில் இருப்பவருக்குக் கிடைப்பது நமக்கும் கிடைக்கும் என்று இந்த நாட்டில் எண்ணவே கூடாது. ஃப்ளோரிடாவில் சாதாரண நாளில் 12 வாரம்தான். வேலை இழந்தவனை இப்படி அந்தரத்தில் தொங்கவிடுவது அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் நிலவரம் அதுதான்.

இன்னொன்று, உங்களுக்கு முழு 26 வாரம் உண்டா என்று பார்த்தீர்களா? நியூ ஜெர்சியில் அடிப்படைக் காலத்தில், அதாவது விண்ணப்பத்துக்கு முன்னால் கணக்கில் எடுக்கும் ஒரு வருஷத்தில், எத்தனை வாரம் வேலை செய்தீர்களோ அத்தனை வாரம்தான், உச்சம் 26. நீங்கள் வந்ததே சமீபத்தில் என்பதால் குறைவாக இருக்கலாம். வாரக் கணக்கைவிட, மிச்சம் இருக்கும் மொத்தத் தொகையைப் பாருங்கள். அது நம் கையில் இருக்கும் ஒரு பிடி. பகுதி நேர வேலை எடுத்தால் அந்த வாரத்துக்குக் குறைத்துத் தருவார்கள், குறைத்த தொகை கணக்கிலேயே மிச்சம் இருக்கும், பின்னால் வரும் வாரங்களுக்கு ஆகும். நான் அப்படித்தான் ஒரு அச்சகத்தில் கொஞ்ச நாள் ஓட்டினேன். சம்பளம் கைக்கு வந்த வாரத்தில் அல்ல, வேலை செய்த வாரத்தில், பிடித்தம் போவதற்கு முந்தைய தொகையைக் காட்ட வேண்டும்.

சிட்டிசன்ஷிப் பற்றிப் பயம் வேண்டாம். இது யாரும் போடும் பிச்சை இல்லை, காப்பீடு. பெரும்பாலான மாநிலங்களில் முதலாளி மட்டும் கட்டுவார். நியூ ஜெர்சியில் தொழிலாளியிடமும் பிடிக்கிறார்கள். உங்கள் பழைய சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் சிறு தொகை போயிருக்கும். உழைத்துப் பெற்ற உரிமை, கூச்சப்படாமல் வாங்குங்கள். வருமான வரி மட்டும் மறக்காதீர்கள். மத்திய அரசு இதற்கு வரி கேட்கும், மாநிலம் கேட்காது. 10 சதவீதம் முன்கூட்டியே பிடிக்கச் சொல்லிவிட்டால் ஏப்ரலில் கஷ்டம் இல்லை.

ஊருக்குப் போவது உங்கள் விருப்பம். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் போங்கள், அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் அந்த வாரங்களுக்குப் பணம் கேட்கக் கூடாது. வாராவாரம் வரும் கேள்விகளைப் படித்திருப்பீர்கள்: வேலை செய்யும் நிலையில் இருந்தீர்களா, வேலை கிடைத்தால் உடனே சேரத் தயாரா, வேலை தேடினீர்களா. மதுரையில் உட்கார்ந்துகொண்டு அதற்கு ஆமாம் என்று அழுத்தக் கூடாது, இங்கே இருக்கும் மனைவியை விட்டு அழுத்தச் சொல்லவும் கூடாது. மோசடி என்று பதிவானால் அபராதத்தோடு திருப்பிக் கட்ட வேண்டும். சிட்டிசன்ஷிப்புக்கு உண்மையான ஆபத்து அந்தப் பதிவுதான். நேர்மையாக நிறுத்திவிட்டுப் போனால், திரும்பி வந்ததும் கோரிக்கையை மறுபடி திறக்கலாம். மிச்சத் தொகை, விண்ணப்பித்த நாளிலிருந்து ஒரு வருஷம் முடியும் வரை அப்படியே இருக்கும்.

மிச்சத் தொகை எவ்வளவு, ஒரு வருஷம் முடியும் தேதி எது, வாடகை எவ்வளவு என்று மூன்றையும் எனக்கு எழுதுங்கள். எந்த வாரம் வரை தாங்கும் என்று சேர்ந்து பார்ப்போம். எடிசன் பக்கம் கிடங்கு வேலைக்கு ஆள் எடுக்கும் இரண்டு இடங்கள் எனக்குத் தெரியும், அங்கேயும் விசாரிக்கிறேன்.