குவார்ட்டர்பேக் மட்டுமா ஆட்டம்?

போன இதழில், அமெரிக்கன் ஃபுட்பாலில் எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஒரே ஆட்டக்காரர் யார் என்று கேட்ட வாசகருக்கு, அப்படி ஒருவரைச் சொல்ல முடியாது, பொசிஷன் பொசிஷனாகத்தான் பேச வேண்டும் என்று எழுதியிருந்தேன். 140 கிலோ உடம்போடு எதிராளியைத் தடுத்து நிற்பவருக்கும், பந்தைப் பிடித்துக்கொண்டு பறப்பவருக்கும் வேலையே வேறு. இரண்டு பேரையும் ஒரே தராசில் எப்படி வைப்பது? அதைப் படித்துவிட்டு நிறைய பேர் சண்டைக்கு வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். கேள்விகளைப் பார்ப்போம்.

பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 7 சூப்பர் பவுல் (என்.எஃப்.எல். லீகின் இறுதி ஆட்டம்) ஜெயித்தவர். ஆனால் 3 முறை தோற்றிருக்கிறார். ஜோ மான்டானா 4 முறை போய் 4 முறையும் ஜெயித்தார். தோல்வியே காணாதவர்தானே பெரியவர்?
– வாசகர், சான் ஹோசே

இந்த வாதத்தைப் பல வருடமாகக் கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் அதில் ஒரு ஓட்டை தெரிகிறது. இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றதைப் பிரேடியின் கணக்கில் குறையாக எழுதுகிறோம். இறுதிக்கே வராமல் மான்டானா வெளியேறிய வருடங்களை யாரும் எழுதுவதில்லை. கடைசிப் படியில் வழுக்கியவரை விட, முன்பே இறங்கிவிட்டவர் எப்படி உயர்வார்?

மான்டானாவுக்காக வாதாட வேண்டுமென்றால் வேறு இடத்தில் ஆரம்பியுங்கள். அந்த 4 சூப்பர் பவுலிலும் சேர்த்து 122 முறை பந்தை வீசினார், 11 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய் எடுக்கும் 6 புள்ளி), எதிரணியின் கையில் ஒரு பந்துகூடப் போகவில்லை. 1989 ஜனவரியில் சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு எதிராக, 3 புள்ளி பின்தங்கிய நிலையில் 92 யார்டு தூரத்தைக் கடந்து, 34 விநாடி மீதமிருக்கும்போது ஜான் டெய்லருக்கு வெற்றிப் பந்தை வீசினார். அதற்கு நான் தலை வணங்குகிறேன்.

ஆனாலும் பிரேடிதான். 2000-ம் ஆண்டு டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) 199-வது ஆளாக எடுக்கப்பட்டவர், 23 சீசன் ஆடி, 43 வயதில் 7-வது பட்டத்தை வென்றார். லீகில் எந்த அணியும் 7 சூப்பர் பவுல் ஜெயித்ததில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். 2017-ல் அட்லாண்டாவிடம் 28–3 என்று பின்தங்கி 34–28 என ஜெயித்ததை எல்லாரும் சொல்வார்கள், எனக்கு அதைவிட மனதில் நிற்பது அவர் தோற்ற 2018 இறுதி. பிலடெல்பியாவுக்கு எதிராக 505 யார்டு வீசியும் தோற்றார். அந்தத் தோல்வியை வைத்து அவரைக் குறைத்துப் பேசுவது நியாயமே இல்லை.

அப்புறம், கான்சாஸ் சிட்டி குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் ரசிகர்களுக்கு: சூப்பர் பவுலில் 2025 பிப்ரவரி வரை 3 வெற்றி, 2 தோல்வி, அதில் ஒரு தோல்வி பிரேடியின் கையாலேயே. இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர், முடிக்கட்டும். பழைய குவார்ட்டர்பேக் ஆட்டோ கிரஹாமை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். கிளீவ்லாந்து பிரவுன்ஸுக்காக 1946 முதல் 1955 வரை 10 சீசன் ஆடினார், பத்திலும் அணி இறுதி ஆட்டத்துக்குப் போனது, 7 பட்டம். முதல் 4 சீசன் வேறொரு லீக், பிறகு என்.எஃப்.எல்., இரண்டு லீகிலும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு, அதனாலேயே பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அவருக்கு மூன்றாவது இடம் கொடுப்பேன்.

ரன்னிங் பேக்கில் (பந்தோடு ஓடுபவர்) ஜிம் பிரவுன்தான் முதலிடம் என்று எழுதினீர்கள். எம்மிட் ஸ்மித் 18,355 யார்டு ஓடியிருக்கிறார், பிரவுன் 12,312 மட்டுமே. 1960-களின் ஆட்டத்தை இன்றைய ஆட்டத்தோடு ஒப்பிடலாமா?
– கல்லூரி மாணவர், டாலஸ்

ஒப்பிடக் கூடாது என்பதுதான் என் கட்சியும். 1960-ல் ஆடியவரைத் தூக்கிக்கொண்டு வந்து இன்றைய மைதானத்தில் விட்டால் என்ன ஆகும் என்று கேட்பதில் அர்த்தமில்லை. தன் காலத்தில் தன்னோடு ஆடியவர்களை எவ்வளவு தூரம் பின்னால் விட்டார் என்று மட்டும் கேளுங்கள். நான் எல்லா பொசிஷனுக்கும் வைத்திருக்கும் அளவுகோல் இது ஒன்றுதான்.

சரி, இதை பிரவுனுக்கு வைத்துப் பாருங்கள். 9 சீசன் ஆடினார், 8 சீசனில் லீகிலேயே அதிக யார்டு ஓடியவர் அவர்தான். 1962-ல் மட்டும் கிரீன் பே அணியின் ஜிம் டெய்லர் முந்தினார். அவர் ஆட வந்தபோது சீசனுக்கு 12 ஆட்டம், பிறகு 14. 1978-ல்தான் அது 16 ஆனது, 2021 முதல் 17. மொத்த யார்டை மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. பிரவுன் ஆடிய 118 ஆட்டத்துக்கு 12,312 யார்டு, அதாவது ஆட்டத்துக்கு 104 யார்டுக்கு மேல். முழு ஆட்ட வாழ்க்கையிலும் சராசரி 100-ஐத் தாண்டியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். ஒரு ஆட்டத்தைக்கூடக் காயத்தால் தவறவிடவில்லை. 30 வயதில், உச்சத்தில் இருக்கும்போதே போதும் என்று விலகிவிட்டார். ஸ்மித் 15 சீசன் ஆடினார். அவருடைய உழைப்பையும் உடல் உறுதியையும் நான் குறைத்துப் பேசவில்லை, அது பெரிய சாதனைதான், ஆனால் சராசரி 81.

என்னைத் தூங்கவிடாமல் செய்பவர் பேரி சாண்டர்ஸ். டெட்ராய்டில் 10 சீசன், 15,269 யார்டு, ஆட்டத்துக்கு 99.8. அன்று வால்டர் பேட்டன் வைத்திருந்த 16,726 யார்டு சாதனைக்கு இன்னும் 1,457 யார்டு மட்டுமே பாக்கி. அதற்கு முந்தைய சீசனில் மட்டும் அவர் ஓடியது 1,491. ஒரே ஒரு சீசன் ஆடியிருந்தால் போதும், 1999-ல் விலகிவிட்டார். கால் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்கே தெரியாதோ என்று தோன்றும்படி ஓடியவர், பார்க்கப் பார்க்க அலுக்காது. அழகுக்கு ஓட்டுப் போடுவதென்றால் என் ஓட்டு சாண்டர்ஸுக்கு. பந்தோடு ஓடியும், பந்தைப் பிடித்தும், எதிராளியைத் தடுத்தும், 13 சீசனில் ஒரே ஒரு ஆட்டத்தை மட்டுமே தவறவிட்டு முழுமையாக ஆடியவர் பேட்டன். முதலிடம் மட்டும் பிரவுனுக்கு.

வைட் ரிசீவரில் (வீசும் பந்தை ஓடிப் பிடிப்பவர்) ஜெர்ரி ரைஸா, ராண்டி மாஸா?
– வாசகி, மினியாபோலிஸ்

மாஸ் உங்கள் ஊர் அணிக்கும் ஆடியவர், அந்த ஊர்ப் பாசம் புரிகிறது. ஒரே சீசனில் 23 டச்டவுன் பிடித்த மாஸின் 2007 சாதனை அபாரம். ஆனால் அவருக்கு முன் இருந்த 22 என்ற சாதனையை ரைஸ் 1987-ல், வேலைநிறுத்தம் நடந்த வருடத்தில், 12 ஆட்டத்தில் செய்தார். மாஸ் ஆடியது 16.

எல்லா பொசிஷனிலும் விவாதமே தேவைப்படாத இடம் இது ஒன்றுதான். ரைஸ் மொத்தம் 22,895 யார்டு. இரண்டாவது இடத்தில் இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு 17,492. அவர் திரும்பி வந்து வருடத்துக்கு 1,000 யார்டு வீதம் இன்னும் 5 வருடம் ஆடினாலும் எட்டாது! செங்கல் வேலை செய்த அப்பாவுக்கு உதவியாக, வீசப்படும் செங்கலைக் கையில் பிடித்துப் பழகிய பையன் அவர்.

முன்னோடி டான் ஹட்சனையும் சொல்லிவிடுகிறேன். 1945-ல் விலகியபோது அவர் பிடித்திருந்த டச்டவுன் 99, அதைத் தாண்ட 1989 ஆனது. 1942-ல் அவர் 11 ஆட்டத்தில் எடுத்தது 1,211 யார்டு. 60 வருடம் கழித்து 2002-ல், 40 வயதில், ரைஸ் எடுத்ததும் சரியாக 1,211. இந்த ஒற்றுமையைக் கவனித்த நாளிலிருந்து எனக்கு இரண்டு பேரையும் பிரித்து நினைக்க முடிவதில்லை.

முன்வரிசையில் தடுப்பவர்களுக்குப் புள்ளிவிவரமே கிடையாது. பிறகு எதை வைத்து ஒருவரைச் சிறந்தவர் என்கிறீர்கள்?
– ஆசிரியர், கொலம்பஸ்

இந்த வாரத்தின் சிறந்த கேள்வி இது. யார்டு இல்லை, டச்டவுன் இல்லை, டி.வி. கேமராவும் பந்தின் பின்னாலேயே போகும். தவறு செய்தால் மட்டுமே அவர்கள் பெயர் ஒலிபெருக்கியில் வரும். அதனால் நான் செய்வது ஒன்றுதான்: பழைய ஆட்டங்களைப் போட்டு, பந்தைப் பார்க்காமல் ஒரே ஆளை மட்டும் பார்ப்பேன். எதிரில் வருபவர் எத்தனை முறை குவார்ட்டர்பேக்கை நெருங்கினார்? தடுப்பவர் தன் தோளைத் திருப்ப விட்டாரா? துணைக்கு இன்னொருவரை அனுப்ப வேண்டியிருந்ததா? அப்படிப் பார்த்தால் இடது டேக்கிள் இடத்தில் அந்தோனி முனோஸுக்கு மேல் யாரும் இல்லை.

வலது கைக்காரக் குவார்ட்டர்பேக் பந்தை வீசத் திரும்பும்போது அவருடைய முதுகு இடது பக்கம் இருக்கும், அங்கிருந்து வருபவரை அவரால் பார்க்க முடியாது. அந்த முதுகைக் காப்பதுதான் இடது டேக்கிளின் வேலை. முனோஸ் 1980 முதல் 1992 வரை 13 சீசன் சின்சினாட்டிக்கு மட்டுமே ஆடினார், தொடர்ச்சியாக 11 முறை ப்ரோ பவுலுக்கு (லீகின் சிறந்தவர்களுக்கான நட்சத்திர ஆட்டம்) தேர்வானார். அவருடைய முழங்கால் அறுவை சிகிச்சைகளைப் பார்த்து, டிராஃப்டில் எடுக்கப் பயந்த அணிகள் அன்று இருந்தன. பெங்கால்ஸ் இன்றுவரை ஒரு சூப்பர் பவுலும் ஜெயிக்கவில்லை, மான்டானாவின் அணியிடமே இரண்டு முறை தோற்றார்கள். சூப்பர் பவுல் ஜெயித்தவர்களுக்குத் தரும் மோதிரத்தை எண்ணித்தான் பெரியவர் என்று முடிவு செய்வோம் என்றால் முனோஸ் பட்டியலிலேயே வரமாட்டார். அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று பாருங்கள்!

டேக்கிளுக்குப் பக்கத்தில் நின்று தடுக்கும் கார்டு இடத்துக்கு ஜான் ஹன்னா. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தற்காப்பில் ஒருவரைத்தான் சொல்லலாம் என்றால்?
– வாசகர், நியூஜெர்சி

லாரன்ஸ் டெய்லர். 1981-ல் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு வந்தார், முதல் சீசனிலேயே லீகின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருது. 1986-ல் 20.5 சாக் (பந்தை வீசுமுன் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது), லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதும் வந்தது. அதற்குப் பிறகு தற்காப்பு ஆட்டக்காரர் யாருக்கும் அந்த விருது கிடைக்கவில்லை. அவருக்கு முன் வாங்கியவர் மினசோட்டாவின் ஆலன் பேஜ், 1971-ல். பின்னாளில் மினசோட்டா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாக 22 வருடம் இருந்தவர் அதே பேஜ்தான்.

விருதை விடுங்கள், ஆட்டத்தையே மாற்றியவர் டெய்லர். அதுவரை டெய்லரைப் போன்ற வெளிப்பக்க லைன்பேக்கர் (தற்காப்பு முன்வரிசைக்குப் பின்னால் ஆடுபவர்) பாய்ந்து வந்தால் ரன்னிங் பேக் ஒருவர் குறுக்கே நின்று சமாளிப்பார். டெய்லர் அவர்களைத் துண்டு மாதிரி உதறிவிட்டு வந்தார். வாஷிங்டன் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் இவருக்காகவே பின்வரிசையில் ஒருவரைக் குறைத்து, கூடுதல் டைட் எண்டை (எதிராளியைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்) நிறுத்தினார். இடது டேக்கிளுக்கு இன்று கொட்டிக் கொடுக்கும் சம்பளத்துக்கும் டெய்லர் ஒரு முக்கியக் காரணம். முனோஸைப் பற்றி மேலே இவ்வளவு எழுதியதும் அதனால்தான், இரண்டும் ஒரே கதையின் இரண்டு பக்கம்.

தற்காப்பு முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டில் ரெஜி வைட். புரூஸ் ஸ்மித் 200 சாக், வைட் 198 என்று உடனே கடிதம் வரும். ஸ்மித் 279 ஆட்டம், வைட் 232. அதற்கும் முன்னால் வைட் 2 வருடம் வேறொரு லீகில் ஆடினார், அது இந்தக் கணக்கில் சேராது. பிலடெல்பியாவில் ஆடிய 121 ஆட்டத்தில் 124 சாக்! டீக்கன் ஜோன்ஸ் ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை: ‘சாக்’ என்ற பெயரையே வைத்தவர் அவர், ஆனால் லீக் அதை அதிகாரப்பூர்வமாக எண்ண ஆரம்பித்தது 1982-ல்தான். அவருக்கு எண்ணிக்கை இல்லாதது அவர் தப்பு இல்லை. நான் அவரை இரண்டாவதாக வைக்கிறேன்.

கார்னர்பேக், டைட் எண்ட், கிக்கர் எல்லாம் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.
– வாசகர், சியாட்டில்

கார்னர்பேக்கில் (எதிரணி ரிசீவரை விடாமல் தொடர்ந்து தடுப்பவர்) டிக் ‘நைட் டிரெய்ன்’ லேன். டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை, விமானத் தொழிற்சாலை வேலையிலிருந்து தானே போய் ராம்ஸ் அலுவலகக் கதவைத் தட்டினார். 1952-ல், அவருடைய முதல் சீசனில், 12 ஆட்டத்தில் 14 இன்டர்செப்ஷன் (எதிரணி வீசிய பந்தைப் பறித்துப் பிடிப்பது). இன்று 17 ஆட்டம் ஆடியும் யாரும் அதைத் தொடவில்லை. டியான் சாண்டர்ஸ் பக்கம் பந்து வீசவே பயந்தார்கள் என்பது உண்மை, மிக நெருக்கத்தில் இரண்டாவது. தற்காப்பின் கடைசி வரிசையான சேஃப்டிக்கு எட் ரீட். டைட் எண்டுக்கு 1,325 பந்து பிடித்த டோனி கொன்சாலஸ். கிக்கருக்கு ஆடம் வினடியேரி. 2002 ஜனவரியில் கொட்டும் பனியில் 45 யார்டிலிருந்து அவர் உதைத்த உதை உள்ளே போகாமலிருந்தால் பிரேடியின் முதல் மோதிரமே இல்லை.

சென்டர் இடத்துக்கு மைக் வெப்ஸ்டர் பெயரை எழுதும்போதெல்லாம் மனது கனக்கிறது. உங்களுக்கும் அப்படியா?
– வாசகி, பிட்ஸ்பர்க்

ஆமாம். 17 சீசன், ஸ்டீலர்ஸோடு 4 சூப்பர் பவுல், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் குளிரில் நிற்கும் அந்த உருவம். சென்டர் ஒவ்வொரு முறையும் பந்தைப் பின்னால் கொடுத்த அடுத்த நொடியே தலையால் மோத வேண்டும், அவர் அதை ஆயிரக்கணக்கான முறை செய்தார். விலகிய பிறகு நினைவு தடுமாறி, சில நாள் தன் வண்டிக்குள்ளேயே படுத்து வாழ்ந்து, 2002-ல் 50 வயதில் இறந்தார். பிட்ஸ்பர்க்கில் அவர் மூளையைப் பரிசோதித்த மருத்துவர் பெனட் ஒமாலு, திரும்பத் திரும்ப அடிபட்டதால் வரும் சி.டி.ஈ. நோய் அதில் இருந்ததைக் கண்டுபிடித்து 2005-ல் வெளியிட்டார். லீகின் உயர் அதிகாரி ஒருவர் ஃபுட்பாலுக்கும் அந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொள்ள 2016 ஆனது.

டுவைட் ஸ்டீஃபன்சன் அவரைவிட வேகமானவர் என்று சிலர் சொல்வார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. என் பட்டியலில் சென்டர் வெப்ஸ்டர்தான்.