அந்தச் சிவப்புப் புள்ளி

வணக்கம் சார். மண்டபம் பக்கம் கடல்ல தெப்பம் கட்டி வளர்க்கிற கப்பாபைகஸ் பாசிய வெளுத்து ஒடிய வைக்கிற ஐஸ்-ஐஸ் நோய் பத்தி பிஎச்டி பண்றேன். அடுத்த மாசம் பப்ளிக் வைவா, எல்லார் முன்னாடியும் ஆராய்ச்சியப் பத்திப் பேசிக் கேள்விக்குப் பதில் சொல்லணும். கைடு முன்னாடி பேசினாலே தொண்டை அடைக்குது, இங்கிலீஷும் சுமார்தான். ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் சேரட்டுமா? 20 நிமிஷத்துக்கு 58 ஸ்லைடு வச்சிருக்கேன், போதுமா?
எஸ்.

அன்புள்ள எஸ்,

கிளாஸ்லாம் வேண்டாம், விடுங்க.

58 ஸ்லைடா? ஒண்ணுக்கு 20 செகண்ட் வருது, ஓடுற பஸ்ல இருந்து கடை போர்டு படிக்கிற மாதிரி இருக்கும்மா. ஆஸ்திரேலியாவுல குவீன்ஸ்லாந்து யுனிவர்சிட்டில 2008ல ஆரம்பிச்ச த்ரீ மினிட் தீசிஸ் போட்டில மொத்த ஆராய்ச்சிக்கும் 3 நிமிஷம், அசையாத ஒரே ஒரு ஸ்லைடு. அவ்வளவு கொறைக்க வேண்டாம், 15 ஸ்லைடுக்குள்ள வாங்க.

ஆனா நீங்க கேக்காத ஒண்ணப் பத்திதான் ரெண்டு வாரமா யோசிச்சிட்டிருக்கேன், லேசர் பாயிண்டர். அலமாரி ஒழிக்கும்போது என்னோடது கெடைச்சுது, பாத்ததும் உள்ளங்கை வேர்த்துப் போச்சு. என் வைவால கை நடுங்குச்சு, கை நடுங்கினது யாருக்கும் தெரிஞ்சிருக்காது, ஆனா ஸ்க்ரீன்ல அந்தச் சிவப்புப் புள்ளி ஆடுன ஆட்டம் இருக்கே, எக்ஸாமினர்ல இருந்து கடைசி பெஞ்ச் வரைக்கும் எல்லாரும் என் கிராஃபை விட்டுட்டு அதத்தான் பாத்துட்டிருந்தாங்க. வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாங்க, "ஏன்டா அந்தச் செவப்புப் பூச்சி நிக்காம ஓடிட்டே இருந்துச்சு?"

கணக்குப் போட்டுப் பாருங்க. ஸ்க்ரீன் 5 மீட்டர் தள்ளி இருக்குன்னா மணிக்கட்டு ஒரே ஒரு டிகிரி அசைஞ்சா புள்ளி கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் நகரும். நம்ம பயத்த பெருசு பண்ணி ஊருக்குக் காட்டுற மெஷின நாமளே காசு குடுத்து வாங்கிக் கையில புடிச்சிட்டிருக்கோம், இதுல எல்லாரும் வச்சிருக்காங்கன்னு சாக்கு வேற!

அத பையிலயே வச்சுட்டு ஸ்க்ரீன் கிட்ட நடந்து போங்க. கையால உங்க கிராஃபத் தொட்டுக் காமிங்க. புரொஜெக்டர் வெளிச்சம் துப்பட்டா மேல விழும், விழட்டும். நாலஞ்சு வருஷம் உப்புத் தண்ணில நின்னு எடுத்த டேட்டா, அதத் தொட உங்களவிட உரிமை யாருக்கு இருக்கு?

இன்னொண்ணு. வெளுத்துப்போன பாசி ஒரு துண்ட பாட்டில்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. முதல் ஸ்லைடுக்கு முன்னாடி அதத் தூக்கிக் காமிச்சு, தண்ணி சூடேறினா இது ஏன் இப்படி வெளுக்குது, 45 நாள்ல அறுக்க வேண்டியது ஏன் பாதியிலயே ஒடிஞ்சு விழுதுன்னு கேளுங்க. தமிழ்லயே கேளுங்க, ஒண்ணும் குடி முழுகிடாது. தெப்பம் கட்டுற அக்காங்க கிட்ட இதையேதான கேட்டிருப்பீங்க, அப்போ தொண்டை அடைச்சுதா?

இங்கிலீஷ் பத்தி ஏதோ கேட்டிருந்தீங்க. சின்னச் சின்ன வாக்கியமா பேசுங்க, அது போதும்.

அப்புறம் வைவா அன்னிக்கு டீ, ஸ்வீட் ஏற்பாட்ட தயவுசெஞ்சு ஜூனியர் கிட்ட விட்டுடுங்க. நான் மேடை ஏறுறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி வரைக்கும் பஃப்ஸ் எண்ணிட்டிருந்தேன், அதுலயும் நாலு கொறைஞ்சுது.