அதிகம் பேசாத ஒருவர் நல்ல பயிற்சியாளராக முடியுமா?

முடியும். கல்லூரி வாலிபால் அணிக்குப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள், மைதானத்தில் சத்தம் போட வரவில்லை, பையன்கள் மதிப்பார்களா என்று பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே வேலையில் முப்பது வருடம் இருந்தவன். தொண்டை கிழியக் கத்தினால்தான் சொல்லிக்கொடுக்க முடியும் என்று அதில் முக்கால்வாசிக் காலம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை மாற்றியவர் நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விளையாட்டின் பயிற்சியாளர். அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

2012 அக்டோபரில் மகளுக்குப் பிரசவம் என்று நானும் மனைவியும் அமெரிக்காவில் கேம்பிரிட்ஜுக்குப் போயிருந்தோம். காலையில் சார்லஸ் ஆற்றங்கரையில் நடப்பேன். எட்டுப் பேர் துடுப்பு வலிக்கும் ஒல்லியான நீளப் படகுகள் வரும். பக்கத்திலேயே ஒரு மோட்டார் படகு, அதில் வயதான ஒருவர். கையில் ஒலிபெருக்கி இருந்தாலும் அதை வாய்க்குக் கொண்டுபோக மாட்டார். பார்த்துக்கொண்டே போவார். பாலத்தில் நின்றிருந்த ஒருவரிடம் விசாரித்தேன். ஹார்வர்டு பல்கலைக்கழகப் படகு அணியின் பயிற்சியாளர் ஹாரி பார்க்கர் என்றார். அப்புறம் அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர். அங்கே ஜோ பர்க் என்ற பயிற்சியாளரிடம் துடுப்புப் போடக் கற்றுக்கொண்டு, 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒற்றையாள் படகுப் போட்டியில் ஐந்தாவதாக வந்தார். பிறகு ஹார்வர்டில் முதலாண்டு மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சேர்ந்தார். 1963-இல் தலைமைப் பயிற்சியாளர் திடீரென்று இறந்துபோக, பொறுப்பு இவர் தலையில் வந்து விழுந்தது. வயது 27. யேல் பல்கலைக்கழகத்துடன் ஹார்வர்டு 1852-இலிருந்து மோதிவரும் படகுப் பந்தயம் ஒன்று உண்டு, நான்கு மைல் தூரம். பார்க்கர் வந்த வருடமே ஹார்வர்டு அதில் ஜெயித்தது. தொடர்ந்து 18 வருடம் ஜெயித்தது. 1981-இல்தான் யேலால் அந்த ஓட்டத்தை நிறுத்த முடிந்தது.

இதையெல்லாம் பேசாமலே எப்படிச் சாதித்தார்? நீங்கள் கவனிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான். படகில் யாருக்கு இடம் என்று முடிவு செய்ய அவர் வைத்திருந்த முறைக்கு சீட் ரேசிங் என்று பெயர். நான்கு பேர் படகுகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட விடுவார். எது எவ்வளவு முந்தியது என்று குறித்துக்கொள்வார். உடனே இந்தப் படகில் ஒருவனையும் அந்தப் படகில் ஒருவனையும் இடம் மாற்றி மறுபடி ஓட விடுவார். மற்ற ஆறு பேரும் அப்படியே இருப்பதால், முந்திய தூரம் கூடினாலோ குறைந்தாலோ அது அந்த இருவரைப் பொறுத்தது. பையனுக்கே தெரிந்துவிடும். பயிற்சியாளர் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, பையன் சண்டைக்கு வரவும் இடமில்லை. ஹார்வர்டு ஸ்டேடியத்தில் 37 பிரிவுகளாகக் கான்கிரீட் படிகள் இருக்கின்றன. அவற்றில் பையன்களை ஏறி இறங்கி ஓட வைப்பார். தானும் கூடவே ஓடுவார், அவர்களை முந்தவும் பார்ப்பார். நம்மில் எத்தனை பேர் பையன்களோடு சேர்ந்து ஒரு சுற்றாவது ஓடுகிறோம்?

1968 ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் ஹார்வர்டு படகும் பென்சில்வேனியா படகும் மோதின. எதிரணிக்குப் பயிற்சி கொடுத்தவர் அதே ஜோ பர்க். ஒரு விநாடியில் நூறில் ஐந்து பங்கு வித்தியாசத்தில் சிஷ்யனின் படகு ஜெயித்தது. மெக்சிகோ ஒலிம்பிக்கில் அந்த அணி ஆறாவதாகத்தான் வந்தது. ஆனால் கறுப்பின விளையாட்டு வீரர்களின் உரிமைப் போராட்டத்துக்கு அந்தப் பையன்கள் வெளிப்படையாக ஆதரவு தெரிவித்திருந்தார்கள். அதே ஒலிம்பிக்கின் பதக்க மேடையில் கறுப்பின அமெரிக்க ஓட்ட வீரர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் முஷ்டியை உயர்த்தி நின்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் அவர்களோடு நிற்கும் ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மனின் மார்பில் அந்தப் போராட்டத்தின் பேட்ஜ் இருக்கும். அதைக் கொடுத்தவர் ஹார்வர்டு படகின் சுக்கான் பிடித்த பால் ஹாஃப்மன். அதற்காக அவரை இறுதிப் போட்டிக்கு முந்தைய இரவு ஒலிம்பிக் கமிட்டி விசாரித்தது. அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்திருந்தும் எனக்கு இது தெரியாது. படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

பெண்கள் படகுப் போட்டி 1976-இல்தான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அந்த முதல் ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்களின் எட்டுப் பேர் படகு வெண்கலம் வாங்கியது. அதற்கும் பயிற்சி பார்க்கர்தான்.

ஊருக்குத் திரும்பியதும் செட்டர், அதாவது அடிப்பவனுக்குப் பந்தை எடுத்துக்கொடுப்பவன், இடத்துக்கு இரண்டு பையன்களிடையே போட்டி வந்தது. முன்பென்றால் நானே முடிவு செய்துவிட்டு ஒரு மணி நேரம் காரணம் சொல்லியிருப்பேன். இந்த முறை சம பலத்தில் இரண்டு அணி பிரித்து 15 பாயிண்ட் ஆட விட்டேன். பிறகு செட்டர்களை மட்டும் மாற்றி மறுபடி ஆட விட்டேன். வாலிபாலில் ஒரே நாளில் தெரியாது, அதனால் ஒரு வாரம் தினமும் செய்தேன், ஸ்கோரைப் பலகையில் எழுதி வைத்தேன். சனிக்கிழமை தோற்றவனே வந்து, "சார், அவனே ஆடட்டும்" என்றான். நீங்களும் இதைச் செய்து பாருங்கள். இதற்குக் குரல் வேண்டாம், நோட்டும் பேனாவும் போதும்.

நான் ஆற்றங்கரையில் பார்த்த சமயத்திலேயே பார்க்கருக்கு ரத்தத்தைப் பாதிக்கும் நோய் இருந்தது. சிகிச்சைக்கு நடுவிலும் பயிற்சியை விடவில்லை. 2013 ஜூனில் ஹார்வர்டு மறுபடியும் யேலைத் தோற்கடித்தது. அவர் காலத்தில் நடந்த 51 பந்தயத்தில் அது 44-ஆவது வெற்றி. அதே மாதம் 25-ஆம் தேதி காலமானார்.