சூழலுக்கு இசைந்த கட்டட வடிவமைப்பால் டர்பனில் வீடு கட்டுவோருக்கு என்ன பயன்?

சூழலுக்கு இசைந்த வடிவமைப்பு என்பது, மின்சாரமும் தண்ணீரும் குறைவாகச் செலவாகும்படி வீட்டைத் தொடக்கத்திலேயே திட்டமிடுவதாகும். தென்னாப்பிரிக்க மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால், மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் கரிப்புகையையும் கட்டணத்தையும் ஒருசேரக் குறைக்கிறது. டர்பனில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து விழுகிறது. ஆகவே வடக்குச் சன்னலுக்கு மேல் அளவாக நீட்டிய கூரை, ஏறத்தாழ உச்சியில் நிற்கும் டிசம்பர் கோடை வெயிலைத் தடுத்து, சாய்ந்து வரும் ஜூன் குளிர்கால வெயிலை அறைக்குள் விடும். இதற்கு மாதச் செலவே இல்லை என்பதுதான் இதன் பெருஞ்சிறப்பு. கூரைக்கடியில் வெப்பத்தடுப்பு விரிப்பு இடுவது, பருப்பு வேகும் பானைக்கு மூடி போடுவதைப் போன்றது; குளிர்காலத்தில் உள்வெப்பம் மேலே வெளியேறாமல் காக்கும். கீசருக்கு ஆகும் மின்சாரமும் சிறிதன்று. அதனால்தான் புதிய கட்டடங்கள் வெந்நீர்த் தேவையில் பாதியையாவது சூரிய வெப்பம் போன்ற மாற்று வழியில் பெற வேண்டும் என்ற விதி 2011-இல் வந்தது. கூரையில் சூரியத் தகடு பொருத்தினாலே போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் வெயிலைத் தடுக்காத வீட்டில் அது தரும் மின்சாரத்தைக் குளிர்சாதனமே விழுங்கிவிடக்கூடும்.